ஒற்றைக் கையால் கழற்ற ஏலாதது

நான் வள்ளத்தை நின்றபடிதான் ஓட்டுவேன். இருந்து ஓட்டினால் எனக்கு வழி தெரியாது. எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுப் பக்கம் போகும்போது கல், சேறு, மீனுக்கு அடைத்த கம்புகள் என்று மாறி மாறி வரும். பின்பக்கப் பலகையில் இருந்துகொண்டு பார்த்தால் தண்ணீரின் மேல் வெயில்தான் தெரியும். எழும்பி நின்றால் அடி தெரியும். பச்சையாக இருந்தால் போகலாம். மஞ்சள் கலந்திருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கபில நிறமென்றால் கல். அதனால் எஞ்சினின் கைபிடியில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி நிற்பேன். பிளாஸ்ரிக் வள்ளங்கள் எங்கள் துறைக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். வள்ளம் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தமையனுடையது. எஞ்சின் என் பொறுப்பு.

துறையை விட்டு வெளியே போகிற வாய்க்காலின் ஓரத்தில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்லின்மேல் மாதாவின் சிலை வைத்த சுருவக்கூடு இருக்கிறது. சின்னக் கூடு. முன்பக்கத்துக் கண்ணாடி உப்புப் பிடித்து மங்கிப் போயிருக்கும். கடலுக்குப் போகிறவன் அதைக் கடக்கும்போது தலையில் கட்டிய துவாயை அவிழ்ப்பான். தொப்பி போட்டவன் தொப்பியைக் கழற்றுவான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை தானாகப் போகும். கல்லின்மேல் மாதாவை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தண்ணீருக்கு அடியிலும் கல் மோசம். ஆகவே, மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடத்தில்தான் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு கையைத் தலைக்குக் கொண்டுபோய்க் கண்ணை மேலே எடுக்கிறோம். இதை ஒருவரும் பிழையாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

ஒரு விடியற்காலை துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்த அந்தக் கணத்தில், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் எஞ்சினின் கால் கல்லில் பட்டது. வள்ளம் நின்றது, நான் நிற்கவில்லை. முன்னால் பறந்துபோய் நடுப்பலகையின் விளிம்பில் தலை அடிபட்டது. வலது காதுக்கு மேலே. அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருப்பது மச்சான் இடுப்பில் கட்டியிருந்த சாரம் மட்டும்தான். தன் சாரத்தைக் கிழித்து என் தலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். தையல் பிரித்த அன்று டொக்டர், அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குசினி வாசலில் நின்று சொன்னாள்.

"மோட்டார் சைக்கிள்காரர் தலையிலை போடுறதைப் போட்டுக்கொண்டு போறதெண்டால் போங்கோ. இல்லையெண்டால் வலையைப் பொத்திக்கொண்டு இஞ்ச இருங்கோ."

"கடலிலை ஆரப்பா அதைப் போடுறவை?"

"தலையிலை தையல் போட்டவை போடட்டும்."

அவள் ஒன்றை ஒருமுறைதான் சொல்வாள். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் சாரத்தை இறுக்கிக் கட்டவே கூச்சப்படுகிறவன் நான். ஐந்தாம் வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படிப்பட்டவன் துறையில் எல்லோர் முன்னாலும் அந்த உருண்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பதை நினைக்கத் தைத்த இடம் கொதித்தது.

மச்சான் அடுத்த நாள் வந்தார்.

"தங்கச்சியோடை வாய் குடுக்க என்னாலை ஏலாது. நீர் ஒரு முடிவுக்கு வாரும். சோளகக் காத்து எழும்ப முன்னம் எஞ்சினுக்கு ஒரு நிரந்தர ஆள் வேணும். அதுவரைக்கும் அந்த நெட்டையர் ஓடட்டும்."

நெட்டையர் என்றது வேறு வள்ளமொன்றில் வேலை இல்லாமல் போன ஒரு நெடிய மனிதரை. நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கரையில் இருக்க எனக்குத் தெரியாது. கிழிந்த வலையைக் காலுக்கு மேல் போட்டுக்கொண்டு இருந்தால் இரண்டு கண்ணி பொத்துவதற்குள் எழும்பிவிடுவேன். கிணற்றடிக்குப் போவேன், தண்ணீர் அள்ளாமல் திரும்பி வருவேன். படலையைத் திறந்து றோட்டைப் பார்ப்பேன். விடியப் புறம் எங்கள் எஞ்சின் வெளிக்கிடும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். எத்தனை எஞ்சின் ஓடினாலும் அது எனக்குத் தெரியும். நெட்டையர் கைபிடியைச் சட்டென்று முறுக்குவார். எஞ்சின் இருமும். அது இருமுகிற ஒவ்வொரு தடவையும் என் இடது கை தானாக முறுக்கும். மனைவி பார்த்துக்கொண்டு நிற்பாள். வாய்க்காலை அண்மிக்கையில் சத்தம் சற்று இறங்கும். இப்போது துவாயை அவிழ்க்கிறார்கள் என்று நினைப்பேன். என் கையும் மேலே போய்த் தையலில் முட்டும்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தொப்பி வாங்கினேன். சீமெந்து ஆலையில் வேலை செய்கிற அவருடைய மருமகன் போடுகிற மஞ்சள் தொப்பி. இரும்புபோல உறுதி. ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து இறங்குதுறையின் நுனிக்குப் போய், அதைப் போட்டுக்கொண்டு காற்றைப் பார்த்து நின்றேன். காற்று ஒருமுறை கீழே புகுந்தது. அவ்வளவுதான், தொப்பி கடலில் மல்லாந்து சட்டிபோல மிதந்து போனது. கரைக்கு வந்துகொண்டிருந்த வள்ளத்தில் நின்ற ஒருவர் கம்பால் அதைக் கொளுவி எடுத்தார்.

"ஆரின்ரை சட்டி இது?" என்று கரையைப் பார்த்துக் கேட்டார்.

நான் மறுபக்கம் திரும்பி நின்று காரைநகரைப் பார்த்தேன். பொழுதுபட்ட பிறகு அவருடைய வீட்டுக்குப் போய்ப் பின்வளவால் அதை வாங்கி வந்தேன்.

தாடைக்குக் கீழே கட்டுகிற வார் இல்லாதது சரிவராது என்பது அதோடு விளங்கிவிட்டது. பட்டணத்துக்குப் போகத்தான் வேண்டும்.

வேலணை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போனேன். மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கிற கடையொன்றின் முன்னால் தலைக்கவசங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். கடையைக் கடந்து போனேன். திரும்பி வந்தேன். எதிரே நின்று சோடா குடித்தேன். மறுபடி கடந்து போனேன். கடைசியில் கடைக்காரரே வெளியே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், நெற்றியில் திருநீறு.

"என்ன அண்ணை பாக்கிறியள்?"

"ஹெல்மெற்."

"என்ன சைக்கிள் ஓடுறியள்?"

"சின்னது."

"எத்தினை சீசீ?"

எங்கள் எஞ்சினின் மூடியில் எழுதியிருந்த இலக்கம்தான் நினைவுக்கு வந்தது. "பதினைஞ்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பதினைஞ்சிலை மோட்டார் சைக்கிள் இல்லை அண்ணை. அது தோட்டத்துக்கு இறைக்கிற மிசினா இருக்கும்."

"ஓம்" என்றேன்.

இறைக்கிற மிசினுக்கு ஏன் ஹெல்மெற் என்று அவர் கேட்கவில்லை. நான் எதையும் ஆராயவில்லை. முகம் முழுவதையும் மூடுகிற, முன்னால் கண்ணாடி போட்ட, இருப்பதற்குள் பெரியதைக் காட்டினேன். நிறைய மூடினால் மனைவிக்குத் திருப்தியாக இருக்கும், எனக்கும் முகம் வெளியே தெரியாது என்று நினைத்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது பக்கத்தில் இருந்தவர் அதற்குள் எட்டிப் பார்த்தார், ஏதோ இருக்கிறதென்று.

அடுத்த நாள் விடிகிற வெள்ளாப்பில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கடலில் இறங்கினேன். மனைவி கரையில் நின்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் போட்டு வாரை இறுக்கினேன். உலகம் அடங்கிப் போனது. என் மூச்சு எனக்கே எஞ்சின்போலக் கேட்டது. மனைவியின் வாய் அசைந்தது.

"என்ன?" என்றேன்.

வாய் மறுபடி அசைந்தது. கண்ணாடியில் மூச்சுப் படிந்து அவளும் மறைந்தாள். சரி, விழுந்தால் எப்படி என்று பார்ப்போம் என்று தண்ணீருக்குள் முழுகினேன். கழுத்துப் பக்கத்தால் தண்ணீர் புகுந்து நிறைந்தது. எழும்பினால் தலை எழும்பவில்லை. ஒரு வாளி தண்ணீரைக் கழுத்தில் கட்டித் தூக்கியதுபோல் வார் தொண்டையை அறுத்தது. உள்ளே இருந்த தண்ணீர் போக வழியில்லாமல் மூக்கு மட்டத்தில் நின்றது. மனைவி சேலையோடு இறங்கி வந்து வாரைக் கழற்றி விட்டாள்.

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"இல்லை. என்ன சொன்னனீர்?"

"இது சரிவராது எண்டு சொன்னனான்."

மறுபடி பட்டணம் போனேன். வெயிலில் காயவைத்துத்தான் கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே இருந்த பஞ்சை விரலால் அமத்தினார். மேசைக் கண்ணாடியில் தண்ணீர் சொட்டியது.

"மழை பெய்யேல்லையே அண்ணை" என்றார். விரலை நாக்கில் வைத்தார். "உப்பு."

அதற்குமேல் மறைக்க வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளம், நின்று ஓடுவது, கல், தையல், மனைவி. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்து போனது. அந்தக் கடையில் நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டு அலுத்துப் போயிருப்பார் போலும்.

"உதை இனி ஆருக்கும் விக்க ஏலாது. என்ரை மருமகனுக்குக் குடுக்கிறன். அவன் எப்பிடியும் தலை கழுவுறேல்லை. நீங்கள் இதிலை இருங்கோ." கதிரையை இழுத்துப் போட்டார். பின்னால் போய் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒழுங்காகத் தெரிவு செய்யத் தொடங்கினோம். முகம் மூடுவது வேண்டாம். காது முழுதும் மூடுவதும் வேண்டாம். எஞ்சினின் சத்தம் மாறுவது எனக்குக் கேட்க வேண்டும், கல்லை முதலில் எனக்குச் சொல்வது அதுதான். முன்னால் நீட்டிக்கொண்டு தகடு இருந்தால் காற்று அதைப் பிடித்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளும். உள்ளே பஞ்சு தடிப்பமாக இருந்தால் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும். பக்கத்தில் ஓட்டை இருந்தால் புகுந்த தண்ணீர் அதனால் வடியும். ஒவ்வொன்றாகப் பேசினில் முக்கித் தூக்கிப் பார்த்தோம். றோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வேர்த்தது, ஆனாலும் எழும்பிப் போகத் தோன்றவில்லை.

கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் வெள்ளை, இரண்டும் மண்டையையும் காதின் மேற்பகுதியையும் மட்டும் மூடுபவை. வித்தியாசம் வாரில்தான். ஒன்றில் அமத்துகிற பொத்தான். மற்றதில் இரண்டு இரும்பு வளையங்கள். நாடாவை இரண்டுக்குள்ளும் விட்டு, ஒன்றுக்குள்ளால் திருப்பி எடுத்து இறுக்க வேண்டும்.

நான் மேசையின் விளிம்பை எஞ்சின் கைபிடிபோல இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் பொத்தானை இழுத்தேன். பட்டென்று கழன்றது. வளையம் போட்டதை ஒற்றைக் கையால் எவ்வளவு முயன்றும் கழற்ற ஏலவில்லை.

"ஏன் ஒற்றைக் கையாலை கழட்டுறியள்?"

"மற்றக் கை எஞ்சினிலை."

"அப்ப கரைக்கு வந்து கழட்டுறதுதானே?"

நான் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தேன். பிறகு மாதாவின் சுருவக்கூட்டைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கடை ஆக்கள் பஸ்ஸிலை போகேக்கை கோயில் வந்தால் எழும்பி நிண்டு கும்பிடுவினம். ஆனா றைவர் கையை விடுறேல்லை. விட்டால் எல்லாரும் நேரை சாமியிட்டையே போகலாம்." பொத்தான் போட்டதை எடுத்து என் தலையில் வைத்துப் பூட்டினார். "குறை நினையாதேங்கோ" என்று சொல்லிப் பின்னாலிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அது கழன்று மேசைக்கு அடியில் உருண்டது.

"பாத்தியளே? இது நீங்கள் கழட்ட முன்னமே கழண்டிடும்."

வளையம் போட்டதைப் பூட்டித் தட்டினார். பல் கிடுகிடுத்தது. அது அசையவில்லை.

மாதாவுக்கு முன்னால் கழற்றலாம் என்றால் அடி படும்போது நிற்காது. அடி படும்போது நிற்கும் என்றால் மாதாவுக்கு முன்னால் கழற்ற ஏலாது. நான் ஒன்றைத் தூக்குவதும் வைப்பதும் மற்றதைத் தூக்குவதுமாக இருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டையும் கடதாசியில் சுற்றித் தந்தார்.

"வீட்டிலை காட்டுங்கோ. வேண்டாததைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. உப்பில்லாமல்."

இரண்டும் எங்கள் வீட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. போகிற வருகிற நேரமெல்லாம் இரண்டு தலைகள் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. மனைவி இரண்டையும் என் தலையில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். பொத்தான் போட்டது அவள் கையோடு வந்தது.

"இது ஏலாது" என்றாள்.

"மாதாவடியிலை என்ன செய்யிறது?"

அவள் அதை நினைத்திருக்கவில்லை. கையில் இருந்ததை மேசையில் வைத்தாள். நான் அடிபட்ட அன்று அவள் மாதாவுக்கு நேர்த்தி வைத்தவள். அதற்கென்று வாங்கிய மெழுகுதிரிகளில் பாதி இன்னும் அலுமாரிக்குள் இருந்தன. மாதாவின் காலடியில் அடிபட்டதால்தான் உயிர் தப்பினேன் என்பது அவளுடைய நம்பிக்கை. கழற்றாமல் போங்கோ என்று அவளால் சொல்ல முடியவில்லை. கழற்றுங்கோ என்றும் சொல்ல முடியவில்லை. முதல் தடவையாக அவளும் என்னைப்போல முற்றத்துக்கும் குசினிக்கும் நடந்தாள்.

"வாங்கோ, சுவாமியாரைக் கேப்பம்" என்றாள் கடைசியில்.

சுவாமியார் கோயில் வளவில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றார். மனைவி சொன்னாள். நான் உரப்பைக்குள் ஹெல்மெற்றை வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன். சுவாமியார் கையை நீட்டினார். வாங்கித் தன் தலையில் போட்டு, நாடாவை வளையத்துக்குள் விட்டு இறுக்கி, ஒற்றைக் கையால் கழற்றிப் பார்த்தார். ஏலவில்லை. பிறகு இரண்டு கையாலும் கழற்றி என்னிடம் தந்தார்.

"மாதா உம்மட்டைத் துவாயைக் கேட்டவவோ?"

"இல்லை சுவாமி."

"கையை எஞ்சினிலை வையும். கண்ணைத் தண்ணியிலை வையும். மனதுக்குள்ளை ஒரு செபம் சொல்லும். காணும்."

"ஓம் சுவாமி."

திரும்பி வரும் வழியில் மனைவி, "கேட்டனீங்கள்தானே?" என்றாள்.

"கேட்டனான்."

சுவாமியார் சொன்னது என் தலைக்குள் போனது. கைக்குப் போகவில்லை.

பொத்தான் போட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மச்சானிடம் போய் நாளைக்கு வருகிறேன் என்றேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் எழும்ப அதிக நாள் இருக்கவில்லை.

"வாரும்" என்றார். "நெட்டையரும் வரட்டும். பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' எனக்கு விளங்கியது. நெட்டையர் வள்ளத்தின் நடுவில் இருந்தார். எனக்கு வணக்கம் சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் முன்பக்கத்தில், அணியத்தில். நான் துறையை விட்டுச் சற்று விலகும்வரை உரப்பையைத் திறக்கவில்லை. பிறகு அவர்கள் இருவரும் முன்னால் பார்க்கும்போது எடுத்துப் போட்டு இறுக்கினேன்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உள்ளுக்கை பொரிக்கிறதுக்கு முட்டை ஏதும் வைச்சிருக்கிறீரோ?" என்றார். நெட்டையர் சிரிப்பை அடக்கத் துவாயால் வாயைத் துடைத்தார்.

கைபிடி கையில் வந்ததும் எனக்கு எல்லாம் மறந்து போனது. எஞ்சின் இருமவில்லை. தண்ணீர் பச்சையாக விரிந்தது. ஹெல்மெற்றுக்குள் காற்று ஓட்டையால் புகுந்து மெல்ல விசிலடித்தது. அது மட்டும்தான் புதிது. வாய்க்கால் கிட்ட வந்தது. மச்சான் துவாயை அவிழ்த்தார். நெட்டையர் அவிழ்த்தார். கையை எஞ்சினில் வை, கண்ணைத் தண்ணீரில் வை என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். வலது கை அதற்குள் தாடைக்குப் போய்விட்டது. நாடாவைப் பிடித்து இழுக்கிறது. வரவில்லை. கூடு நேரே வருகிறது. இடது கையும் எழும்பப் பார்த்தது.

நான் எஞ்சினை நிற்பாட்டினேன்.

சத்தம் நின்றதும் தண்ணீர் வள்ளத்தின் பக்கத்தில் தட்டுவது கேட்டது.

"என்ன, நிண்டுபோச்சோ?" என்றார் மச்சான்.

"இல்லை. நிப்பாட்டினனான்."

இரண்டு கையாலும் நாடாவைக் கழற்றினேன். தலையில் காற்றுப் பட்டது. வள்ளம் ஓடிவந்த வேகத்தில் மெல்ல வழுக்கிக்கொண்டு மாதாவைக் கடந்தது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு ஆறுதலாக நான் ஒருநாளும் அந்தக் கூட்டைப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. கடந்ததும் ஹெல்மெற்றைப் போட்டு இறுக்கி, எஞ்சின் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் உடனே பிடிக்கவில்லை. நெட்டையர் எழும்பப் பார்த்தார், மச்சான் கையால் இருத்தினார். மறுபடி இழுத்தேன், பிடித்தது.

"இப்பிடி ஒவ்வொரு நாளும் நிப்பாட்டினா, நாங்கள் போறதுக்குள்ளை மீன் வயசு போய்ச் செத்திடும்" என்றார் மச்சான்.

அன்று வலையில் ஒட்டி மீனும் நண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. அலை முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. ஹெல்மெற்றுக்குள் புகுந்த தண்ணீர் ஓட்டையால் வடிந்தது. காது கேட்டது. எல்லாம் நாங்கள் பேசினில் பார்த்தபடிதான். பார்க்காதது ஒன்றே ஒன்று. வாய்க்காலுக்கு வந்து எஞ்சினை நிற்பாட்டி நாடாவைப் பிடித்தபோதுதான் அது தெரிந்தது. பருத்தி நாடா நனைந்து ஊதி, வளையங்களுக்குள் இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிண்டினேன். இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை.

காற்று எங்களைக் கல்லுப் பக்கம் தள்ளியது.

"இழும்" என்றார் மச்சான் அணியத்திலிருந்து. எஞ்சின் கயிற்றைத்தான் சொன்னார்.

"கழருதில்லை."

"கழராட்டி விடும். கல்லு கிட்ட வருது."

நெட்டையர் கம்பை எடுத்து ஊன்றிப் பிடித்தார். வள்ளத்தின் கீழே தண்ணீர் மஞ்சளாகி, கபிலமாகிக்கொண்டிருந்தது. நான் நாடாவை விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிடித்தது. நெட்டையர் கம்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். வெறுந்தலையோடு இருந்த இருவருக்கும் பின்னால், தலையை மூடிக்கொண்டு நான் மாதாவைக் கடந்தேன். என்னால் ஏலுமானவரை குனிந்தேன். கண்ணைத் தண்ணீரில்தான் வைத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு அந்தரமாக இருந்தது. திட்டு வாங்கக் காத்து நிற்கிறவனைப்போலத் துறைவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

துறையிலும் அது கழலவில்லை. மீன் பிரிக்கிற இடத்தில் எல்லோரும் நின்றார்கள். நான் பயந்திருந்தது எதுவோ அது முழுதாக நடந்தது. ஈரச் சாரம், வெள்ளை ஹெல்மெற், கையில் மீன் கோர்வை.

"என்ன அண்ணை, கடலிலையும் பொலிசு மறிக்கினமோ?" என்றார் மஞ்சள் தொப்பியைக் கம்பால் எடுத்தவர்.

"ஓம்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. ஒருவர் கிட்ட வந்து விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் எங்கே வாங்கியது என்று கேட்டார்.

மச்சான் பின்னால் வந்தார். நெட்டையரும் நின்றார். நான் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாளைக்கு எண்ணெய்க் கலனை நீர்தான் கொண்டு வரவேணும்" என்றார் மச்சான் என்னைப் பார்த்து. பிறகு நெட்டையரைக் காட்டினார். "இவரை அணியத்திலை என்னோடை வைச்சிருக்கப்போறன், மாதாவடியிலை கம்பு பிடிக்க. நீர் எப்பிடியும் நிப்பாட்டத்தான் போறீர்."

நெட்டையர், "ஓம், அது நல்லது" என்றார். தன்னிடம் கேட்டதுபோலவே சொன்னார்.

வீட்டில் மனைவி என்னை வாசலில் இருத்தி, கொண்டை ஊசியால் நாடாவைக் கிளறிக் கிளறிக் கழற்றினாள். நேரமெடுத்தது.

"மாதாவடியிலை என்ன செய்தனீங்கள்?"

"போகேக்கை எஞ்சினை நிப்பாட்டிக் கழட்டினனான். வரேக்கை ஏலாமப் போச்சு."

அவள் ஹெல்மெற்றை நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தாள். நாடா காய்ந்த பிறகு அலுமாரியைத் திறந்து நேர்த்திக்கு வாங்கிய மெழுகுதிரி ஒன்றை எடுத்து வந்து, மடியில் வைத்து, நாடாவின் இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள். தண்ணீர் ஊறாமல் இருக்கட்டும் என்றாள். மெழுகு பூசிய நாடா வளையத்துக்குள் இறுக்கமாக நிற்குமா, வழுக்கிப் போகுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. படலைவரை போனேன், காற்று எந்தப் பக்கமென்று பார்த்தேன், திரும்பி வந்தேன். அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கலனைக் கழுவி வாசலில் வைத்துவிட்டு மறுபடி படலைக்குப் போனேன்.